டொறத்தி அக்கா சொல்லாமல் விட்டது

அது எப்போதும் ஆள் அனுப்பிவிட்டுத்தான் வரும். முதலில் இடது தொடையின் உள்பக்கத்தில் ஒரு குறுகுறுப்பு. பிறகு இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் நரம்பைப் பிடித்து யாரோ சுண்டுவதுபோல ஒரு இழுவை. அதற்குப் பிறகு எரிவு, கடைசியில் கொப்புளம். இரண்டு வருடமாக அதோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அதன் குணம் தெரியாதா? அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றபோது தொடை குறுகுறுத்தது. கையிலிருந்த கோப்பை வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது. பிள்ளை பிறக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

ஹெர்பெஸ் என்று பெயர். தமிழில் இதற்கு என்ன சொல்வார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எங்கள் மன்னாரில் அக்கி என்று ஒன்றைச் சொல்வார்கள், அது வேறு. அம்மாள் வருத்தம் என்று சொல்லி வேப்பிலை கட்டித் தப்பவும் முடியாது. வருகிற இடம் அப்படி. பெயரில்லாத வருத்தத்தைப் பற்றி எப்படி அழுவது? யாரிடம் போய் அழுவது?

கலியாணம் முடித்து ஜெர்மனிக்கு, பான் நகரத்துக்கு வந்த புதிதில்தான் முதன்முதலாக வந்தது. காய்ச்சல், கவட்டில் நெறி, நடக்க ஏலாத வேதனை. சலம் போகும்போது அசிட் ஊற்றியதுபோல எரியும். குளியல் தொட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பி, அதற்குள் இருந்துகொண்டுதான் சலம் போனேன். என் கணவர் கிறிஸ்ரியன் தொட்டியின் விளிம்பில் வந்து குந்தினார். இஞ்சி தின்ற குரங்குபோல முகம். எனக்கு முன்னால் அவருக்கு ஒரு ஜெர்மன்காரி இருந்தாளாம். அவளிடமிருந்து அவருக்கு வந்ததாம். கனகாலமாக ஒன்றும் தெரியவில்லை, அதனால் மாறிவிட்டது என்று நினைத்தாராம். வாளியை எடுத்து எறிந்தேன். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பேசினேன். அந்த ஊரில் என்னோடு பேச வேறு யார் இருந்தார்கள்?

அங்கே ஒரு நரைத்த தலை லேடி டொக்டர் இருந்தார். குளிசை தந்தார். குறுகுறுப்புத் தொடங்கியவுடனேயே போட்டால் வலுவாக வராது, புண் கெதியில் காயும், ஆனால் வருத்தம் உடம்பைவிட்டுப் போகாது, நரம்பின் அடியில் படுத்திருந்து எழும்பி எழும்பி வரும் என்றார். இதெல்லாம் கிறிஸ்ரியன் எனக்குச் சொன்னது. கடைசியில் அந்த அம்மா என்னை நேரே பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். பேசும்போதே என் மடியைக் காட்டினார், என் வயிற்றைக் காட்டினார், தன் தலையில் கை வைத்தார், பிறகு கண்ணை மூடித் தலையைச் சரித்தார்.

"என்ன சொல்லுறா?" என்று கேட்டேன்.

"பிள்ளை பெறேக்க டொக்டரிட்டச் சொல்லவேணுமாம்," என்றார் கிறிஸ்ரியன்.

அவ்வளவு நீளப் பேச்சுக்கு இவ்வளவுதானா? இந்த நாட்டில் எனக்கு வந்து சேருவதெல்லாம் வடிகட்டிய பேச்சு. பாதிக்குமேல் வடியில் தங்கிவிடும். ஆனால் அந்த அம்மா கண்ணை மூடியதை யாரும் வடிக்கவில்லை. அது எனக்கு நேரே வந்தது. வயிற்றில் பிள்ளை தங்கிய நாளிலிருந்து அந்த மூடிய கண்கள்தான் என் முன்னால் நின்றன.

பிறகு வந்தபோதெல்லாம் சில தரம் குளிசை போட்டேன், சில தரம் போடாமலே சமாளித்தேன். உப்புத் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, தளர்ந்த பருத்தி உடுப்போடு இருந்து, துவாயைத் தனியாக வைத்து, தொட்ட கையைத் தேய்த்துக் கழுவி. பிள்ளை தங்கியபின் குளிசைப் பக்கமே போகவில்லை. எங்கள் பக்கத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரி தலையிடிக்குக்கூடக் குளிசை போடமாட்டாள். மிச்சம் இருந்த அட்டை சாமான் அலுமாரியில், என் காப்புப் பெட்டிக்கு அடியில் கிடந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அந்த அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன். போட்டால் பிள்ளைக்கு ஆகாதோ என்று பயம். போடாவிட்டால் புண் வந்து பிள்ளைக்கு ஆகாதே என்று பயம். ஒரு வாய்ச் சொல் கேட்டால் தீர்ந்துவிடும். ஆனால் கிறிஸ்ரியன் வேலையில், கேட்பதானால் டொறத்தி அக்காவின் வாயால்தான் கேட்க வேண்டும்.

டொறத்தி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். நாங்கள் ஹனோவருக்குக் குடிவந்தது கிறிஸ்ரியனுக்கு அங்கே ஒரு றெஸ்ரோறன்ற் சமையலறையில் வேலை கிடைத்ததால். டொறத்தி அக்கா அவருக்குத் தூரத்து உறவு, எங்கள் கலியாணத்தைப் பேசி முடித்தவரும் அவர்தான். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, முதியோர் இல்லத்தில் வேலை செய்து செய்தே ஜெர்மன் படித்தவர். ஹனோவரில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் டொறத்தி அக்காவின் குரலைக் கேட்டபடிதான் பிறந்தார்கள். எந்தப் பிள்ளைத்தாச்சிக்கு ரெர்மின், டொக்டரைப் பார்க்கிற நாள், என்றாலும் தன் வேலையை மாற்றிப் போட்டுவிட்டுக் கூடப் போவார், மொழிபெயர்ப்பார். காசு தொடமாட்டார். என் பிள்ளைக்கு ஞானத்தாயும் அவர்தான் என்று முன்பே முடிவாகியிருந்தது.

ஒரேயொரு பழக்கம். டொக்டர் கேட்கிற கேள்வியை உங்களிடம் கேட்காமலே பதில் சொல்லிவிடுவார். முதல் ரெர்மினில் டொக்டர் புகை, குடி என்று கேட்டார். டொறத்தி அக்கா என்னைத் திரும்பியும் பார்க்காமல் "நைன், நைன்", இல்லை இல்லை என்றார். பிறகு டொக்டர் வருத்தங்களின் பெயர்களை வரிசையாகக் கேட்டார். அதில் அந்தச் சொல்லும் வந்தது. அக்கா அதற்கும் ஒரு "நைன்" போட்டார்.

"என்னெல்லாம் கேக்கினம் பார். எங்கட பிள்ளையளுக்கு உதெல்லாம் எங்கால?" என்று என்னிடம் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. இந்த வெள்ளிக்கிழமை அந்தச் சிரிப்பு முள்ளாகக் குத்தியது.

கிறிஸ்ரியன் வேலையால் வந்ததும் சொன்னேன். நின்ற நிலையிலேயே சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய் மருந்துக்கடையில் ஒரு சின்ன ரியூப் வாங்கிக்கொண்டு வந்தார்.

"இது வாய்ச் சொண்டில வாறதுக்குப் பூசுற கிறீம். டொக்டரின்ர சீட்டு இல்லாமல் தருவினம். இதைப் பூசும்."

"சொண்டும் அதுவும் ஒண்டே?"

"வருத்தம் ஒண்டுதானே எவ்லின்."

"அந்த டொக்டருக்கு ரெலிபோன் எடுங்கோ. நீங்கள் கதையுங்கோ. குளிசை போடலாமோ எண்டு கேளுங்கோ."

"வெள்ளிப் பின்னேரம் பூட்டியிருக்கும். திங்கள் ரெர்மினுக்கு நான் எப்பிடியும் லீவு எடுத்துக்கொண்டு வாறன். டொறத்தி அக்காவை வரவேண்டாம் எண்டு சொல்லுவம். நாங்கள் இரண்டு பேரும் போவம். அதுவரைக்கும் நீர் ஒருத்தரிட்டயும் வாய் திறவாதையும்."

"அதுக்குள்ள பிள்ளை வந்தால்?"

"வராது," என்றார். பிள்ளை என்னவோ அவரிடம் கேட்டுத்தான் வரப்போகிறதுபோல. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, வாளியைத் தேடவும் மனம் சொன்னது. அவருக்கு டொறத்தி அக்காவுக்கு முன்னால் அந்த ஜெர்மன்காரியின் கதை வெளியில் வந்துவிடும் என்ற பயம். எனக்கு அது அவரிடமிருந்து வந்தது என்று யார் நம்பப் போகிறார்கள் என்ற பயம். ஆம்பிளைக்கு வந்தால் அது வருத்தம், பொம்பிளைக்கு வந்தால் அது நடத்தை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

சனிக்கிழமை காலையில் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். மூன்று கொப்புளம், இடப்பக்க மடிப்புக்குள், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு. கிறீமைப் பூசினேன், ஒன்றும் ஆகவில்லை. உப்புத் தண்ணீரில் கழுவினேன். பயம் மட்டும் கழுவுப்படவில்லை. பெட்டிக்குள் அம்மா தந்துவிட்ட மடு மண் ஒரு சின்னப் பொதியில் இருந்தது. மடு மாதா கோயில் மண். எங்கள் பக்கத்தில் பாம்பு தீண்டினாலும் அந்த மண்ணைத்தான் கரைத்துக் கொடுப்பார்கள், பூசுவார்கள். ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் குழைத்துப் புண்ணில் வைத்தேன். வைத்தவுடன் எரிந்த எரிவில் கட்டில் சட்டத்தைக் கடித்தேன். ஓடிப்போய்க் கழுவினேன். பாம்புக்கடிக்குத் தந்த மண்ணை இவள் எங்கே கொண்டுபோய் வைக்கிறாள் என்று மாதாவே சிரித்திருப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அசிங்கமான பயம் அது, ஆளை விசராக்கும் பயம். பின்னேரம் கொப்புளம் உடைந்து புண்ணாகிவிட்டது.

வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. "வராதை," என்று சொன்னேன். "திங்கட்கிழமை மட்டும் பொறு. நல்ல பிள்ளையெல்லே." தாய் தன் பிள்ளையை வராதே என்று கும்பிட்டதை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை. மாதத்தில் ஒருதரம்தான், பின்னேரம், ஒரு ஜெர்மன் கோயிலை எங்களுக்கு விடுவார்கள். போகாமல் இருந்தால் டொறத்தி அக்கா வீட்டுக்கே வந்துவிடுவார் என்று போனேன். கிறிஸ்ரியனுக்கு வேலை. அடுத்த நாள் ஹனோவரின் பெரிய கண்காட்சி தொடங்குகிறது, அந்த நாட்களில் ஊரில் ஒரு றெஸ்ரோறன்றிலும் கதிரை காலியாக இருக்காது, சமையலறையில் ஒருவரையும் வெளியில் விடமாட்டார்கள். திங்கள் லீவு கேட்டதற்கே முதலாளி முறைத்தானாம்.

ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும் நேரம் வந்தது. டொறத்தி அக்கா திரும்பி என் கையைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து நாரியிலிருந்து முன்வயிறு வரைக்கும் ஒரு இறுக்கு. என் கை அக்காவின் கையை விடவில்லை.

"தொடங்கிட்டுதோ?" என்றார்.

"இல்லை அக்கா, இது சும்மா..."

"எத்தினை பிள்ளைப்பேறு பாத்தவள் நான். எழும்பு."

காரில், ஓட்டுகிற அக்காவுக்குப் பக்கத்தில் என்னை இருத்தினார்கள். பின் இருக்கையில் என் பையை மடியில் வைத்தபடி வெரோனிக்கா. பாட்டுக் குழுவில் பாடுகிறவள், நல்லவள், ஆனால் அவளிடம் ஒன்றைச் சொன்னால் றேடியோவில் சொன்ன மாதிரி. வழி முழுக்க என் வாய் திறந்து திறந்து மூடியது. "அக்கா, ஒரு விசயம்," என்றேன் ஒருதரம். "என்ன எவ்லின்? என்ன?" என்று பின்னாலிருந்து வெரோனிக்காவின் தலை முன்னுக்கு வந்தது. "ஒண்டுமில்லை, கிறிஸ்ரியனுக்குச் சொல்லவேணும்," என்றேன். வெரோனிக்கா உடனே ரெலிபோன் எடுத்தாள். சமையலறையில் யாரோ எடுத்துச் சொல்லிவிடுவதாகச் சொன்னார்களாம்.

ஆஸ்பத்திரியில் வெரோனிக்காவை வெளியில் விட்டுவிட்டு எங்கள் இருவரையும் உள்ளே எடுத்தார்கள். மருத்துவச்சி இளம் பெண், மூக்கில் சின்ன மின்னி. என் வயிற்றைச் சுற்றி ஒரு பட்டியைக் கட்டினாள். பிள்ளையின் நெஞ்சுச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது, குதிரை ஓடுவதுபோல. அந்தச் சத்தம் கேட்கக் கேட்க எனக்குக் கண்ணீர் வந்தது. எவ்வளவு நன்றாக ஓடுகிறது. அது ஓடி வருகிற வழியில்தான் புண் இருக்கிறது.

அவள் கையுறை போட்டுக்கொண்டு வந்தாள். இப்போது பார்ப்பாள், பார்த்தால் தானே கேட்பாள், நான் சொல்லவே தேவையில்லை என்று கண்ணை மூடிக் கொண்டேன். ஆனால் அவள் துணியை முழுக்க விலக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி விரலால் மட்டும் பார்த்தாள். என் வெட்கத்துக்கு மரியாதை தருகிறாளாம். முடிந்தது. ஏதோ சொன்னாள்.

"பாதி திறந்திட்டுதாம். கெட்டிக்காரி," என்றார் டொறத்தி அக்கா, என் நெற்றியைத் துடைத்தபடி.

இனி வழியில்லை. மருத்துவச்சிக்கு ஒளித்துப் பிள்ளை பெறமுடியுமா என்று எங்கள் ஊரில் கேட்பார்கள். முடியும்போலத்தான் இருந்தது, இந்த ஊரில்.

"அக்கா," என்றேன். "இவவிட்ட ஒண்டு சொல்லவேணும். எனக்குக் கீழ புண் இருக்கு. பழைய வருத்தம். ஹெர்பெஸ். வெள்ளிக்கிழமை திரும்ப வந்தது. பிள்ளைக்கு ஆபத்தாம். சொல்லுங்கோ அக்கா."

டொறத்தி அக்காவின் கை என் நெற்றியில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், வெளியில் வெரோனிக்கா இருக்கிற பக்கம். பிறகு மருத்துவச்சியிடம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். என் ஜெர்மன் கடை மட்டத்து ஜெர்மன், பாணும் பாலும் வாங்கத்தான் உதவும். ஆனால் எனக்கு வேண்டியது ஒரேயொரு சொல். அது என் வாயிலும் ஹெர்பெஸ்தான், ஜெர்மனிலும் ஹெர்பெஸ்தான். அது வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரவில்லை. வசனம் முடிந்துவிட்டது.

மருத்துவச்சி தலையாட்டி, சிரித்து, என் தோளைத் தட்டினாள். "நோர்மால்," என்றாள்.

"பயப்பிடாதை, அது எல்லாருக்கும் வாறதாம்," என்றார் டொறத்தி அக்கா. என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டார். என் கண் முன்னால், என் பிள்ளையின் நெஞ்சுச் சத்தம் கேட்கக் கேட்க மறைத்துவிட்டார். எனக்கு அவர்மீது வந்தது கோபம் இல்லை. பச்சைப் பயம். இந்த அறையில் எனக்கும் பிள்ளைக்கும் இருந்த ஒரே வாய் அவருடையது, அந்த வாய் மூடிவிட்டது.

மருத்துவச்சி ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே மெல்லிய நீளமான ஒரு பிளாஸ்ரிக் தடி, நுனியில் கொக்கி, மாங்காய் பறிக்கிற கொக்கத்தடியைச் சின்னதாகச் செய்ததுபோல. வெரோனிக்காவின் பிள்ளைப்பேற்றுக் கதை ஊருக்கே தெரியும், அதனால் எனக்கும் தெரியும். பன்னீர்க்குடத்தை உடைப்பதற்கு. உடைத்தால் கெதியில் பிறக்கும். உடைத்தால் பிள்ளைக்கும் புண்ணுக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது.

நான் முழங்கால்களைச் சேர்த்து இறுக்கினேன்.

"எவ்லின், காலை எடு பிள்ளை."

"மாட்டன்."

"நோகாது. ஒரு நிமிசம்."

"அக்கா, நீங்கள் சொல்லேல்லை. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். அந்தச் சொல்லு வரேல்லை."

டொறத்தி அக்கா எனக்குக் கிட்டக் குனிந்தார். "அதை எப்பிடியடி நான் இவளிட்ட..." என்றார். எனக்கு இறுக்கு வந்தது. மருத்துவச்சி என் முழங்காலில் மெதுவாகக் கை வைத்தாள். இறுக்கு வந்தால் கால் தானாக விரியப் பார்க்கும், அது உடம்பின் சட்டம். நான் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, காலைச் சேர்த்தே வைத்திருந்தேன். அப்படியொரு வேதனை எதிரிக்கும் வரக்கூடாது. அது விட்டதும் அவளுடைய கையைப் பிடித்தேன்.

"நைன்," என்றேன். "ஹெர்பெஸ்."

அவள் புரியாமல் டொறத்தி அக்காவைப் பார்த்தாள். "அங்க பாராதை, என்னைப் பார்," என்று தமிழில் கத்தினேன். அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பினேன் என்றுகூட நினைக்கிறேன். "ஹெர்பெஸ். ஹியர். யெற்ஸ்ற்." இங்கே, இப்போது என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில். துணியை நானே இழுத்து எறிந்தேன். வெட்கம், மானம் எல்லாம் அந்தத் துணியோடு நிலத்தில் போய் விழுந்தது. மடிப்பை விரலால் விலக்கிக் காட்டினேன். பிறகு வயிற்றைக் காட்டினேன். பிறகு என் தலையில் கை வைத்தேன். பானில் அந்த நரைத்த தலை அம்மா செய்ததுபோலவே கண்ணை மூடித் தலையைச் சரித்தேன்.

கண்ணைத் திறந்தபோது அவள் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். கையிலிருந்த கொக்கியைத் தட்டில் வைத்துவிட்டுச் சுவரில் ஒரு பொத்தானை அழுத்தினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம். கண்ணாடி போட்ட லேடி டொக்டர் ஒருவர் வந்தார், வெளிச்சத்தை இழுத்து வைத்துப் பார்த்தார், கேள்விமேல் கேள்வி கேட்டார். டொறத்தி அக்கா சுவரோடு ஒட்டி நின்றார். டொக்டர் அவரைப் பார்த்துச் சத்தமாக ஏதோ சொன்னார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலுக்குக் கிட்ட வந்தார்.

"முதல் எப்ப வந்ததெண்டு கேக்கிறா. இந்த ஹெர்பெஸ்." அந்தச் சொல்லை விழுங்கி விழுங்கிச் சொன்னார். ஆனால் சொன்னார்.

"இரண்டு வருசம். கலியாணம் முடிச்ச புதிசில."

"குளிசை போட்டனியோ?"

"முந்திப் போட்டனான். பிள்ளைக்காக விட்டிட்டன்."

அக்கா அதை அப்படியே சொன்னார். இந்தமுறை வசனத்தில் அந்தச் சொல் இருந்தது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தரமும் இருந்தது.

வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு, மார்புக்குக் கீழே ஒரு பச்சைத் திரையைக் கட்டி. திரைக்கு இந்தப் பக்கம் நான், என் தலைமாட்டில் டொறத்தி அக்கா. பெண்பிள்ளை. பிறந்தவுடன் அழவில்லை. அந்தச் சின்ன இடைவெளிக்குள் நான் எத்தனை தரம் செத்தேன் என்று தெரியாது. பிறகு அழுதாள்.

அவளை என்னிடம் தரமுதல் கண்ணிலும் வாயிலும் மூக்கிலும் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்தார்கள். சோதிக்க வேண்டுமாம்.

கிறிஸ்ரியன் சமையலறை உடுப்போடு, எண்ணெய் மணத்தோடு ஓடி வந்து வாசலில் நின்றார். டொறத்தி அக்கா அவரை மேலும் கீழும் ஒருதரம் பார்த்தார். "நான் பேசிச் செய்த கலியாணம்," என்றார். அவ்வளவுதான். கிறிஸ்ரியன் தலை குனிந்தபடி பிள்ளையின் காலைத் தொட்டார்.

அடுத்த நாள் காலை கண்ணாடி டொக்டர் வார்டுக்கு வந்தார். ஜெர்மன் தெரிந்த கணவன் பக்கத்தில் நிற்கத்தான் செய்தார். அவர் வாயைத் திறக்கமுன் நான் டொறத்தி அக்காவைப் பார்த்தேன்.

"அக்கா சொல்லட்டும். ஆனால் அக்கா, ஒண்டையும் விடாதையுங்கோ."

டொக்டர் நீளமாகப் பேசினார். அக்கா கையைக் கோத்துக்கொண்டு, செபம் சொல்வதுபோல, வசனம் வசனமாகச் சொன்னார்.

"பழைய வருத்தம் எண்டபடியால் உன்ர உடம்பு ஏற்கனவே பிள்ளைக்குக் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி குடுத்திருக்குமாம். புண்ணில படாமல் எடுத்ததும் நல்லதாம். அதால ஆபத்து நல்லாக் குறைவாம். கடைசி மாசத்தில அந்தக் குளிசையைப் போட்டிருந்தால் புண் வராமலே இருந்திருக்கலாமாம். அதால பிள்ளையளுக்குக் கெடுதி வந்ததாக அவை காணேல்லையாம். இனிப் போடலாமாம், பாலும் குடுக்கலாமாம், கையைக் கழுவிப்போட்டுத் தூக்கச் சொல்லுறா." நிறுத்தினார். டொக்டர் தொடர்ந்தார். அக்காவின் முகம் மாறியது. கிறிஸ்ரியன், "அக்கா, அதை..." என்று தொடங்கினார்.

"நீ சும்மா இரு," என்றார் அக்கா. "ஆனால் ஒண்டும் இல்லையெண்டு இப்ப சொல்ல ஏலாதாம். சோதனை நல்லா வந்தாலும் கொஞ்ச கிழமைக்குக் கவனமாப் பாக்கவேணுமாம். பிள்ளை பால் குடிக்காமல் விட்டால், உடம்பு காய்ஞ்சால், கொப்புளம் போட்டால், எழுப்ப எழுப்ப எழும்பாமல் படுத்தால், ஒரு நிமிசம் நிக்காமல் கொண்டு வரட்டாம். மூளைக்குப் போனால்..." தொட்டிலைப் பார்த்தார். "மூளைக்குப் போனால் சாகவும் கூடுமாம்."

நான் இந்த நாட்டுக்கு வந்தபிறகு முழுசாக எனக்கு வந்து சேர்ந்த முதல் பேச்சு அதுதான். கேட்டு எனக்குக் கை கால் குளிர்ந்துவிட்டது. ஆனாலும் அது என்னுடைய பயம். என் கையில் தந்துவிட்டார்கள். பானில் அந்த அம்மா மூடிய கண்ணுக்கு இப்போதுதான் எனக்குச் சொல் கிடைத்தது.

"விட்டனீங்களோ ஏதும்?"

"ஒண்டும் விடேல்லை," என்றார் டொறத்தி அக்கா. பிறகு தாழ்ந்த குரலில், "நேற்று 'கொஞ்சம் எரிவு இருக்காம்' எண்டுதான் சொன்னனான். உன்ர மானத்தைக் காப்பாத்திறன் எண்டு நினைச்சன். எத்தினை பேருக்கு இப்பிடி மாத்திச் சொல்லியிருப்பன் எண்டு இரவு முழுக்க நித்திரையில்லை."

பின்னேரம், கிறிஸ்ரியன் உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போன நேரம், பாட்டுக் குழு முழுக்கத் திரண்டு வந்தது, வெரோனிக்கா முன்னால், கையில் பொரித்த றோல்ஸ் நிரம்பிய பெட்டி. வந்ததும் வராததுமாக, "பாதி திறந்திட்டுது எண்டினம், பிறகேன் வெட்டினவை?" என்றாள். டொறத்தி அக்கா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"பிள்ளை குறுக்கால திரும்பிட்டுது," என்றார். கண் இமைக்கவில்லை. "கடைசி நேரத்தில. நல்லவேளை எவ்லின் தானே கண்டுபிடிச்சுச் சொன்னாள்."

எல்லோரும் "ஓம், ஓம், அப்பிடி நடக்கிறதுதான்" என்றார்கள். ஆளாளுக்கு ஒரு குறுக்குப் பிள்ளைக் கதை வைத்திருந்தார்கள். றோல்ஸ் ஒரு சுற்று வந்தது. நான் தொட்டிலைப் பார்த்தேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். எப்போது பால் குடித்தாள்? அவ்வளவு நேரமாகவா தூங்குகிறாள்? கன்னத்தைத் தடவினேன், அசையவில்லை. காதைத் தொட்டேன், அசையவில்லை. அறையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டொறத்தி அக்கா மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரியும். அந்த அறையில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் எழும்பி வந்து தொட்டிலுக்கு மறுபக்கம் நின்றார். நான் பிள்ளையின் உள்ளங்காலை நகத்தால் அழுத்திக் கீறினேன்.

"ஐயோ, பச்சைப் பிள்ளையை என்னத்துக்கு எழுப்புறாய்? நல்ல நித்திரையெல்லே!" என்றாள் வெரோனிக்கா.

முகம் சுருங்கியது. வாய் கோணியது. பிறகு வீரிட்டு அழுதாள், வார்டே திரும்பிப் பார்க்க. டொறத்தி அக்கா தொட்டில் விளிம்பைப் பிடித்தபடி கதிரையில் குந்திவிட்டார். எல்லோரும் "தூக்கு, தூக்கு" என்றார்கள். நான் உடனே தூக்கவில்லை. கொஞ்ச நேரம் அழட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.